பாதித் திருகு

தேவனாம்பட்டினம். கடலுக்குப் போகும் சாலையில்
ஐஸ் டிப்போ தாண்டி மூன்றாவது கடை.
சிங்காரவடிவு மெஸ்ஸுக்கு ஒரு நிமிட விளம்பரம்.
பேசிய தொகை நாலாயிரம், சாப்பாடு தனி.

விளக்குகள் புதுசு. ஒன்பது.
பாண்டியில் வாங்கி வந்தாராம்.
கல்லாவுக்கு மேலே சுவரில் ஒரு திருகு,
இப்படித் திருகினால் ஏறும், அப்படித் திருகினால் இறங்கும்.
"பாதியிலயே இருக்கட்டும் தம்பி,
பாதியிலதான் கடை பார்க்க லட்சணமா இருக்கு."

லட்சணமாகத்தான் இருந்தது, கண்ணுக்கு.
கேமராவைத் திறந்தால்
திரையில் பட்டை பட்டையாக இருட்டு
மேலிருந்து கீழே ஊர்கிறது,
ஈரச் சுவரில் மரவட்டை போகிற வேகத்தில்.

கரண்டின் துடிப்பு நொடிக்கு ஐம்பது; தெரிந்த கணக்கு.
ஷட்டரை ஐம்பதில் ஒன்று வைத்தேன்.
ஊர்ந்தது.
நூறில் ஒன்று.
இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு ஊர்ந்தது.
பிறகு அந்தச் சின்னச் சக்கரத்தை
புள்ளி புள்ளியாக நகர்த்தி நகர்த்தி
ஓரிடத்தில் நிறுத்தினேன். பட்டையும் நின்றது.
நின்றதுதான், போகவில்லை:
வடிவக்காவின் நெற்றிக்கு நேர் குறுக்கே.

வஞ்சிரம் ஒருபக்கம் கருகிக்கொண்டிருந்தது.

அய்யனார், என் லைட் பையன்,
ஜல்லிக் கரண்டியை எடுத்து
விளக்குக்குக் கீழே விசிறிபோல் வீசினான்.
ஒரு கரண்டி ஏழு கரண்டியாயிற்று,
காற்றில் தனித்தனியாக, விளிம்பு சுத்தமாக.
"பாருங்கக்கா. இது மங்கலா எரியல,
அணைஞ்சு அணைஞ்சு எரியுது."

பாதி வெளிச்சம் என்று அதனிடம் ஒன்றும் இல்லை.
பாதி நேரம் முழு வெளிச்சம்,
மீதி நேரம் முழு இருட்டு,
நொடிக்குச் சில நூறு தடவை.
நம் கண் தாராளக்காரி,
கூட்டிப் பார்த்துச் சரி என்று வாங்கிக்கொள்கிறது.
கேமரா ஒவ்வொரு நோட்டாக
எண்ணித்தான் கல்லாவில் போடும்.

"முழுசா ஏத்திடலாம்க்கா. அதுதான் வழி."

அவர் திருகைத் தொடவில்லை.
முந்தானையை இழுத்து வலது கையில் சுற்றினார்.
அப்போதுதான் கவனித்தேன்,
வந்ததிலிருந்து எல்லாமே இடது கையால்:
டீ கொடுத்தது, மீன் திருப்பியது, அட்வான்ஸ் எண்ணியது.

"போன ஐப்பசில சட்டி சாஞ்சிடுச்சு"
என்றார், அடுப்பைப் பார்த்து.
வேறெதுவும் சொல்லவில்லை.
ஒன்பது விளக்கும் ஒரு திருகும் எதற்கென்று
நானும் கேட்கவில்லை.

பையிலிருந்து கறுப்புக் கண்ணாடியை எடுத்தேன்.
கண் ஆபரேஷன் முடிந்து வருகிறவருக்கு மாட்டுவார்களே,
அதுபோல் லென்ஸுக்கு ஒன்று.
"விளக்கு பாட்டுக்கு முழுசா எரியட்டும்க்கா.
அதைக் குறைக்க வேணாம்.
குறைக்கிறதை இங்க குறைச்சிக்கலாம்.
எவ்வளவு இருட்டு வேணும்னு
நீங்களே பார்த்துச் சொல்லுங்க."

திருகு கடைசிவரை ஏறியது.
கூரையில் ஒட்டடை, காலண்டருக்குப் பின்னால் விரிசல்,
எண்ணெய்க்கறை, அய்யனாரின் கிழிந்த காலர்,
எல்லாம் ஒரேயடியாக எழுந்து நின்றன.
அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்து
திரைக்குள் குனிந்தார்.
உள்ளே கடை சாயங்காலமாக இருந்தது.
பட்டை இல்லை. ஊர்தல் இல்லை.
நீராவிகூட நிதானமாக எழுந்தது.

கண்ணாடியின் வளையத்தை நான் சுற்றச் சுற்ற
இன்னும், இன்னும், என்றார்.
போதும் என்றார்.
முந்தானையை அவிழ்த்துக் கையை நீட்டி
திரையில் தன் கையைத் தேடினார்.
இருந்தது, நிழலோடு நிழலாக.
கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

வெளியே ஐஸ் வண்டி பின்னால் எடுக்கிற சத்தம்.

"ரொம்ப இருட்டா இருக்குல்ல,
மசாலா நிறமே தெரியல.
ஒரு நூல் ஏத்தேன்" என்றார்.

ஒரு நூல் ஏற்றினேன்.

"இன்னும் ஒரு நூல்."

பிறகு வலது கையால்
மீனைத் திருப்பிப் போட்டார்.
அய்யனார் மூச்சை அடக்கிக்கொண்டான்.
சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.